பத்தடிக் கூரைக்குக் கீழ் எந்த லிஃப்ட்? கொழும்பு வீட்டுக் கராஜுக்கான தெரிவுகள்

வீட்டில் காரைத் தூக்கி வேலை செய்ய ஒரு லிஃப்ட் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் அளக்கச் சொல்வது கூரையின் உயரத்தை. அடுத்தது தளத்தின் கனம். மூன்றாவது வீட்டுக்கு வரும் மின்சாரம். இந்த மூன்றும் தெரிந்த பிறகே ரூபாய்க் கணக்குப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் சந்தையில் உள்ள லிஃப்டுகளில் பாதி அப்போதே தாமாக விலகிவிடும். மிஞ்சியவற்றில் மலிவானதைத் தேடுவது எளிது. அளக்காமல் மலிவாக ஒன்றை வாங்கிவிட்டு, அதற்காகக் கூரையை உயர்த்துவதும் தளத்தை உடைத்துப் புதிதாக ஊற்றுவதும்தான் செலவு மிகுந்த வழி.

இந்தத் தேவை கொழும்பில் எப்படி வளர்ந்தது என்பது இங்கு கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடங்களும் இருந்த விட்ஸையும் அக்குவாவையும் வாகன் ஆரையும் பேணியே ஓட்டினோம். இறக்குமதி திறந்த பின்னும் வரிகள் சேர்ந்த விலை பலருக்கு எட்டாத உயரத்தில் நிற்பதால், பழைய காரைப் பேணும் வேலை முடியவில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ நிற்கும் கார் என்றால் உப்புக் காற்று அடித்தட்டைத் தின்கிறது. லோவர் ஆம் புஷ் (சில்லைத் தாங்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர்), சி.வி. பூட், ஸ்டெபிலைசர் லிங்க், பிரேக் குழாய் என்று தேயும் பாகங்களும் துருப்பிடிக்கும் பாகங்களும் பெரும்பாலும் கீழேதான் இருக்கின்றன. அங்கே கண்ணும் கையும் போனால்தான் காரின் உண்மை நிலை தெரியும்.

நம் கார்களின் எடையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒல்டோவும் வாகன் ஆரும் 800 கிலோவைச் சுற்றி இருக்கின்றன. விட்ஸும் அக்குவாவும் ஏறத்தாழ ஒரு தொன். பிறீமியோ, வெசல், பிரியஸ் எல்லாம் 1,200 முதல் 1,400 கிலோ வரை. பிராடோ போன்ற பெரிய ஜீப்புகள்தான் இரண்டு தொன்னைத் தாண்டுபவை. ஆகவே வீட்டில் ஜீப் இல்லாதவருக்கு நான்கு தொன் லிஃப்ட் தேவையில்லை. இரண்டரைத் தொன் அளவில் தரமாகச் செய்த ஒன்று, பெயருக்கு நான்கு தொன் என்று எழுதி ஒட்டிய மெல்லிய இரும்பைவிட மேலானது. 2025க்குப் பின் வந்த பி.வை.டி. போன்ற மின் கார்களை வைத்திருப்பவர்கள் இதில் சற்றுக் கூடுதலாக யோசிக்க வேண்டும். அவற்றின் எடை கூடுதல், அதோடு பாட்டரி அடித்தட்டு முழுவதும் பரந்திருக்கிறது. உற்பத்தியாளர் குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் அவற்றைத் தாங்கக்கூடாது.

முதலில் கூரை

கொழும்பு வீடுகளில் ஸ்லாப்பின் (கொங்கிரீட் கூரையின்) உயரம் வழக்கமாகப் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். ஆனால் கார் நிறுத்தும் முன்புறப் போர்ட்டிக்கோவின் குறுக்கே ஒரு பீம் ஒன்பது அங்குலம் கீழே இறங்கி நிற்கும். அளவுநாடாவை அந்தப் பீமின் அடியில் பிடியுங்கள், ஸ்லாப்பில் அல்ல. ஷட்டர் கதவின் உருளைப் பெட்டி, மின்விசிறி, குழல்விளக்கு எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

பீமுக்குக் கீழ் 2.82 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் கூரைக்கும் பீமுக்கும் இடையே பத்து சென்டிமீட்டராவது விட வேண்டும். பழைய அக்குவாவின் உயரம் 1.445 மீட்டர், ஆகவே அதை 1.27 மீட்டர் வரை உயர்த்தலாம். வாகன் ஆரின் உயரம் ஏறத்தாழ 1.65 மீட்டர் என்பதால் அதற்குக் கிடைப்பது 1.07 மீட்டர் மட்டுமே. பின்கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டியிருந்தால் இதுவும் குறையும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்று வேலை செய்யக் காருக்குக் கீழ் 1.75 மீட்டராவது வேண்டும். சிறு முக்காலியில் உட்கார்ந்து செய்ய ஒரு மீட்டருக்குச் சற்று மேல் போதும். சில்லுப் பலகையில் படுத்துச் செய்ய அரை மீட்டர் போதும்.

ஸ்லாப்புக்குக் கீழே கார் நிறுத்தும் வீட்டில் நின்று வேலை செய்யும் ஆசையை இந்தக் கணக்கு முடித்துவைக்கிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்தும் படுத்தும் செய்ய முடியாத வீட்டு வேலை மிகச் சிலவே. எஞ்சினை இறக்குவதும் கியர்பெட்டியைக் கழற்றுவதும் எப்படியும் கராஜுக்குப் போக வேண்டிய வேலைகள்.

தளம்: பார்த்தால் தெரியாதது

பலருடைய திட்டம் இங்குதான் முறிகிறது. வீட்டுப் போர்ட்டிக்கோவின் தளம் மூன்று அங்குலச் சாதாரணக் கொங்கிரீட்டாக இருக்கலாம். அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கலாம். கொங்கிரீட்டே இல்லாமல் மணலின் மேல் இன்டர்லொக் கல் பதித்த முற்றமாகவும் இருக்கலாம். கார் ஓடி நிற்பதற்கு இவை போதும். தளத்துக்குள் விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட் அடித்து, இரு பக்கமும் தூண் நிற்கும் இருதூண் லிஃப்டை நிறுத்த இவை எதுவும் போதாது.

காரணத்தை விளங்கிக்கொண்டால் சமரசம் செய்யத் தோன்றாது. இருதூண் லிஃப்டில் கார் தூண்களுக்கு நடுவே, நீட்டிய கைகளின் நுனியில் தொங்குகிறது. ஒவ்வொரு தூணும் காரின் பக்கமாக உள்ளே சாயப் பார்க்கிறது. அப்போது தூணின் வெளிப்பக்க போல்டுகள் தளத்திலிருந்து மேலே பிடுங்கப்படுகின்றன. அந்த இழுவையைத் தாங்குவது போல்டைச் சுற்றியுள்ள கொங்கிரீட் மட்டுமே. அது மெல்லியதாகவோ வெடித்ததாகவோ இருந்தால் கூம்பு வடிவில் பெயர்ந்து போல்டோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் உற்பத்தியாளர்கள் குறைந்தது நான்கு அங்குலம், சிலர் ஆறு அங்குலம், 3,000 பி.எஸ்.ஐ. வலிமை என்று நிபந்தனை வைக்கிறார்கள். அந்த வலிமை ஏறத்தாழ 21 மெகாபாஸ்கல். நம்மூரில் கிரேட் 30 என்று கேட்டு ஊற்றினால் அதைத் தாண்டிவிடும்.

உங்கள் தளத்தின் கனம் தெரியாவிட்டால் ஒரு மூலையில் நீண்ட ட்ரில் ஊசியால் துளையிட்டு, மண் தட்டுப்படும் ஆழத்தை அளந்து பாருங்கள். இந்தச் சிறு துளை செலவில்லாதது, பின்னர் சீமெந்து வைத்து அடைத்துவிடலாம். கனம் போதாவிட்டால் தூண்கள் வரும் இரண்டு இடங்களிலும் தளத்தை வெட்டி, உற்பத்தியாளரின் வரைபடத்தில் உள்ள அளவுக்குக் குழியெடுத்து, கம்பி கட்டி ஊற்ற வேண்டும். ஊற்றிய கொங்கிரீட் முழு வலிமை பெற 28 நாட்கள். மூன்றாம் நாளே பூட்டிவிடலாம் என்று அவசரப்படுத்தும் ஆளை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

கீழே இன்னொரு மாடியோ நிலக்கீழ் நீர்த்தொட்டியோ உள்ள ஸ்லாப்பின் மேல் எந்த லிஃப்டையும் பொறியியலாளரின் கணக்கு இல்லாமல் போல்ட் அடிக்கக்கூடாது. போர்ட்டிக்கோவுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி கட்டிய வீடுகள் இந்த நகரத்தில் உண்டு. வீட்டைப் பிறகு வாங்கியவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. பெரிய லிஃப்டுகளின் 2.2 கிலோவாட் மோட்டார் ஓடும்போது சுமார் 15 அம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் அதைச் சொருகக்கூடாது. பிரதான பலகையிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் இழுத்து, எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் உள்ளதைச் சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு வாங்கிவிடாதீர்கள். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த 60 ஹேர்ட்ஸ் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும், அதைவிட மோசமாகச் சூடேறும். பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல், மோட்டாரில் ஆணியடித்த தகட்டில் 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

குழி வெட்டும் யோசனை

லிஃப்ட் எதற்கு, ஒரு குழி வெட்டிவிட்டால் போதுமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய சேர்விஸ் நிலையங்களில் குழிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள், சொல்வதில் நியாயமும் உண்டு. மின்சாரம் வேண்டாம், கூரை உயரம் வேண்டாம், கார் விழும் அச்சமும் இல்லை. இருந்தும் கொழும்பு வீட்டில் குழி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது குழியின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு விளக்கின் பொறி போதும். இந்த நகரத்தின் தாழ்ந்த பகுதிகளில் சில அடி தோண்டினாலே ஊற்று வருகிறது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு குழியில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் வீட்டில் மூடாத குழி எப்போதும் ஓர் ஆபத்து. சிக்கனம் என்ற பெயரில் இவ்வளவையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஜாக்கியும் ஸ்டாண்டும்: ஏளனம் செய்ய வேண்டாம்

வருடத்தில் இரண்டு மூன்று முறை ஒயில் மாற்றி, பிரேக் பார்த்து, சில்லுகளை இடம் மாற்றுபவருக்கு லிஃப்ட் ஒருபோதும் தன் விலையைத் திருப்பித் தராது. அவருக்கு வேண்டியவை ஒரு நல்ல 3 தொன் ட்ரொலி ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்கும் நான்கு ஸ்டாண்டுகள், சில்லுக்கு வைக்கும் அடைகட்டைகள், கார் ஏறி நிற்க ஒரு சோடி ராம்ப். எல்லாம் சேர்த்தாலும் மிக மலிவான லிஃப்டின் விலைக்கு அருகில்கூட வராது. மிச்சமாகும் பணத்தில் நல்ல டோர்க் ரென்ச் ஒன்றும் வாங்கிவிடலாம்.

ஆனால் ஸ்டாண்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 2020 இல் அமெரிக்காவின் ஹாபர் ஃபிரைட் நிறுவனம், பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகளைப் பதினேழு இலட்சத்துக்கும் மேலாகத் திரும்பப் பெற்றது. பற்களில் கொக்கி சரியாக மாட்டாமல், பாரம் ஏறிய நிலையில் திடீரென்று இறங்கக்கூடும் என்பதே காரணம். பல் வைத்த ஸ்டாண்டுகள் எல்லாமே மோசம் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் தடித்த இரும்பு முளையைத் துளைக்குள் செருகும் வகையோ, பல்லோடு கூடுதல் முளையும் உள்ள வகையோ கிடைத்தால் அதையே எடுங்கள். துளையில் முளை இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே உறுதிப்படுத்தலாம்.

டைல்ஸ் மேலோ இன்டர்லொக் கல் மேலோ ஸ்டாண்ட் வைக்கும்போது அடியில் முக்கால் அங்குலப் பலகையோ இரும்புத் தகடோ வையுங்கள், பாரம் பரவும். சீமெந்து ப்ளொக்கை மட்டும் ஒருநாளும் காருக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அது வளையாது, முன்னறிவிப்பும் தராது, ஒரே நொடியில் பொடியாகும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போவதும் அதே அளவு தவறு. ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் ஜாக்கி இறங்கிவிடும்.

ராம்புக்கு ஒரு குறை, ஒரு நிறை. குறை: முன்பக்கம் மட்டும் உயர்ந்து கார் சாய்ந்து நிற்பதால் சி.வி.டி. கியர் ஒயிலின் மட்டத்தைச் சரியாகப் பார்க்க முடியாது, அதற்குக் கார் மட்டமாக நிற்க வேண்டும். நிறை: சில்லின் மேல் பாரம் இருக்கிறது. லோவர் ஆம் புஷ் மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். புஷ்ஷின் நடுவே போகும் போல்டைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களிலேயே கிழியும். காரை ராம்பில் ஏற்றி, சில்லின் மேல் பாரம் நிற்கும் நிலையில் இறுதியாக இறுக்குவதே முறை. புதிய புஷ் ஏன் இவ்வளவு விரைவில் போனது என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுதான்.

சட்டகச் சோடி லிஃப்ட்: என் முதல் தெரிவு

வாரயிறுதி தோறும் காருக்குக் கீழே போகிறவர், வீட்டில் இரண்டு மூன்று கார்களைப் பார்த்துக்கொள்பவர், ஜாக்கியைப் பக்கம் பக்கமாக வைத்துத் தூக்கிக் களைத்தவர் ஆகியோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காரின் இருபக்க அடியிலும் தள்ளி வைக்கும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டகங்கள், வெளியே ஒரு சிறு பம்ப், இடையே ஹைட்ரோலிக் குழாய்கள். அமெரிக்காவின் பெண்ட்பாக் நிறுவனம் குயிக்ஜாக் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. அதே மாதிரியில் சீனத் தயாரிப்புகள் பல வருகின்றன.

கொழும்பு வீட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணங்கள் தெளிவானவை. உயர்த்தும் அளவு அரை மீட்டரைச் சுற்றியே இருப்பதால் எந்தப் பத்தடிக் கூரையும் தடையில்லை. போல்ட் வேண்டாம், தளம் மட்டமாகவும் உறுதியாகவும் இருந்தால் போதும். மடிந்த நிலையில் மூன்று அங்குல உயரமே என்பதால் தாழ்ந்த காருக்கு அடியிலும் நுழையும். வேலை முடிந்ததும் சுவரில் மாட்டிவிட்டு வழக்கம்போல் காரை நிறுத்தலாம். நடுப்பகுதி முழுவதும் திறந்திருக்கும், புகைக்குழாயோ கியர்பெட்டியோ எதையும் மறைப்பதில்லை. நான்கு சில்லுகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும். கார் மட்டமாகவே நிற்கும்.

12 வோல்ட் பாட்டரியில் ஓடும் பம்ப் உள்ள வகையும் உண்டு. 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட ஊரில் இது சிறிய விடயமல்ல. கார் கீழே விழாமல் தாங்கும் இரும்புப் பூட்டின் மேல் லிஃப்ட் நிற்கும்போது, அந்தப் பூட்டை விடுவிக்க முதலில் காரைச் சற்று மேலே தூக்க வேண்டும். அதற்குப் பம்ப் ஓட வேண்டும். மின்சாரம் போனால் கார் மேலேயே நிற்கும், அவசரத்துக்கு எடுக்க முடியாது. பாட்டரிப் பம்ப் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும், முதுகுவலி உள்ளவருக்கு இது விடை அல்ல. சட்டகம் வளைவாக எழும்புவதால் கார் சில அங்குலம் முன்னோ பின்னோ நகரும், கேற்றை ஒட்டி நிறுத்தும் சிறிய போர்ட்டிக்கோவில் முன்னும் பின்னும் இடம் விட்டுத்தான் தொடங்க வேண்டும். காரின் ஜாக்கிப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் சட்டகத்தின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். ஒல்டோவின் சில்லுகளுக்கிடை நீளம் 2.36 மீட்டர், பிரியஸுக்கு 2.7 மீட்டர். இரண்டையும் தூக்கக்கூடிய அளவைத் தேர்ந்தெடுக்கக் கையில் அளவுநாடா வேண்டும். ஜப்பானியச் சிறிய கார்களின் அடி விளிம்புத் தகடு மெல்லியது, ஆகவே நடுவில் வெட்டுள்ள ரப்பர் கட்டையை வைக்காமல் தூக்கினால் நசுங்கும். கடலோரத்தில் நிற்கும் காராக இருந்தால், தூக்கும் முன் அந்த விளிம்பை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். துருப்பிடித்த இடம் பாரத்தைத் தாங்காது.

இதன் விலை ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்குவதைப் போலப் பல மடங்கு, இருதூண் லிஃப்டைவிடக் குறைவு. பூட்டும் கூலியும் தளச் செலவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. வீடு மாறினால் கையோடு எடுத்துச் செல்லவும் முடியும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதைத் தவிர வேறு லிஃப்டை நான் சொல்ல மாட்டேன்.

கத்தரி லிஃப்ட்

கத்தரிக்கோல் போல விரிந்து எழும் நடுத்தர உயரக் கத்தரி லிஃப்ட் காரை ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தூக்கும். முக்காலியில் உட்கார்ந்து பிரேக், ஷொக் அப்சோபர், சில்லு, கதவடிப் பகுதிக்கு வர்ணம் என்று செய்ய மிக வசதி. மேலே பார்த்த கணக்கின்படி வாகன் ஆரும் பத்தடிக் கூரைக்குள் அடங்கும், உச்சிவரை உயர்த்தாமல் ஒரு பூட்டு முன்பாகவே நிறுத்த வேண்டியிருக்கும். சில வகைகளைச் சில்லு வைத்த வண்டியால் நகர்த்தி ஓரமாக வைக்கலாம். ஆனால் லிஃப்டின் உடல் காரின் வயிற்றுக்குக் கீழ் நேராக நிற்கிறது. புகைக்குழாயும் கியர்பெட்டியும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அடியில் பாட்டரி பரந்த மின் காருக்குத் தாங்கும் கைகள் சரியான புள்ளிகளை எட்டுகின்றனவா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. டயர், பிரேக், பெயின்ட் வேலைகளில் ஆர்வம் உள்ளவருக்கு இது சிறந்தது. அடித்தட்டு வேலை செய்பவருக்குச் சட்டகச் சோடியே மேல்.

இருதூண், நால்தூண்

முழு உயர இருதூண் லிஃப்டுக்கு நான் எதிரியல்ல. வத்தளையிலோ இரத்மலானையிலோ, முற்றத்தில் பன்னிரண்டு பதின்மூன்று அடித் தகரக் கூரை போட்டு, ஆறு அங்குலம் கம்பி கட்டி ஊற்றிய தளம் உள்ளவருக்கு அதற்கு நிகர் இல்லை. நின்று வேலை செய்யலாம், நடு திறந்திருக்கும், சில்லுகள் தொங்கும். மேலே குறுக்குத் தண்டு உள்ள வகை ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரம். கீழே தரைத்தட்டு உள்ள வகை 2.8 மீட்டரில் அடங்கும், ஆனால் தரையில் ஒரு மேடு நிற்கும், ட்ரொலியைத் தள்ளும்போது இடிக்கும். அகலத்துக்குப் பதினோரு பன்னிரண்டு அடி வேண்டும். ஸ்லாப்புக்குக் கீழ் வாங்கினால் முழு விலை கொடுத்துப் பாதி உயரத்தையே பயன்படுத்துவீர்கள்.

இதற்கும் சட்டகச் சோடிக்கும் நடுவே, கழற்றி நகர்த்தக்கூடிய குட்டை இருதூண் வகை ஒன்று உண்டு. மாக்ஸ்ஜாக்ஸ் என்பது அதில் அறியப்பட்ட பெயர். தளத்தில் அங்கர்கள் மட்டும் நிலையாக இருக்கும், தூண்களைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் வைக்கலாம். நான்கடி அளவில் தூக்கும். பத்தடிக் கூரையும் நல்ல கொங்கிரீட்டும் ஒருங்கே உள்ள வீட்டுக்கு இது மிகவும் பொருத்தமானது. தளம் பற்றி மேலே சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும், குட்டை என்பதற்காகச் சலுகை இல்லை.

நால்தூண் லிஃப்டைப் பலர் விரும்புவது ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கார்களை நிறுத்தலாம் என்பதற்காக. பேர்ச்சஸ் கணக்கில் நிலம் வாங்கும் ஊரில் அந்த ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு கார்களின் உயரத்தோடு, மேல் கார் ஏறி நிற்கும் தட்டின் கனமும் இடைவெளியும் சேர்ந்தால் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும், ஸ்லாப்புக்குக் கீழ் நடக்காது. வெளியே வைத்தால் மழையும் உப்பும் இரும்புக் கயிறுகளைத் தாக்கும், அவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். சில்லுகள் தட்டின் மேலேயே நிற்பதால் பிரேக் வேலைக்கு இன்னொரு ஜாக்கி தேவை. நிறுத்துமிடம்தான் முதல் நோக்கம், வேலை இரண்டாவது என்பவர் மட்டும் இதைப் பார்க்கட்டும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்த்தளத்தில் உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் எதையும் போல்ட் அடிக்க முடியாது, பல கட்டடங்களில் ஒயில் மாற்றவே நிர்வாகக் குழு விடாது. அங்கே கூரையும் எட்டடியைச் சுற்றித்தான் இருக்கும், மேலே தீயணைப்புக் குழாய்கள் ஓடும். தெஹிவளையிலோ களுபோவிலையிலோ முற்றம் உள்ள உறவினர் வீட்டில் ஒரு சட்டகச் சோடியை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்து வாங்கி வைப்பது நடைமுறையான வழி.

வாங்கும் இடம்

புதிதாகத் தருவிப்பவர்கள், விற்பவர் சொல்லும் தொழிற்சாலை விலையைக் கேட்டு மகிழ வேண்டாம். இருதூண் லிஃப்டின் எடை அரைத் தொன்னைத் தாண்டும். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, 18 சதவீத வற், துறைமுகத்திலிருந்து வீடு வரை லொறி, இறக்க ஆட்கள் என்று சேர்த்தால் கணக்கு வேறாகும். சட்டகச் சோடி இரண்டு பெட்டிகளில் வந்துவிடும் என்பதும் அது எனக்கு முதல் தெரிவாக இருப்பதற்கு ஒரு காரணம்.

சான்றிதழ் கேளுங்கள். அமெரிக்காவில் 1945 முதல் இயங்கும் ஏ.எல்.ஐ. என்ற அமைப்பின் முத்திரை, அல்லது ஐரோப்பாவின் இ.என். 1493 நியமப்படி பரிசோதித்த ஆவணம். சி.ஈ. என்ற இரண்டெழுத்தை யாரும் அச்சிட்டு ஒட்டலாம். பரிசோதித்த நிறுவனத்தின் பெயரும் மாதிரி இலக்கமும் உள்ள தாளே கணக்கு. அந்த இலக்கம் லிஃப்டின் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மூடிய சேர்விஸ் நிலையங்களிலிருந்து பழைய லிஃப்டுகள் விற்பனைக்கு வரும்போது விலை கவர்ச்சியாக இருக்கும். கழற்றி அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள், தளத்தில் பொருத்திய நிலையில் ஒரு காரைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு விழும் ஒலி இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். காரைப் பூட்டில் இறக்காமல் ஹைட்ரோலிக்கின் மேலேயே நிறுத்தி, யாரையும் கீழே விடாமல், தரையிலிருந்து லிஃப்டின் கையின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது, அதை விலையில் கழிக்கலாம். இரும்புக் கயிற்றைத் துணியால் அழுத்தித் தடவுங்கள். துணி எங்கே சிக்கினாலும் அங்கே இழை அறுந்திருக்கிறது, கயிறு முழுவதையும் மாற்ற வேண்டும். தூணின் அடித்தட்டும் தூணும் சேரும் வெல்டிங்கில் வர்ணம் மட்டும் புதிதாகத் தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள். அங்கே வெடிப்போ மறுபடி வைத்த வெல்டிங்கோ இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். அங்கர் போல்டுகளைப் பழையதோடு எடுத்து வராமல் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை விரிந்த அங்கர் மறுபடி அதே பிடியைத் தராது.